குழந்தைகள் இல்லத்துல நூலகம் வைக்கப் போறீங்களா? பீரோ சாவி யார்கிட்டனு முதல்ல கேளுங்க

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து திருச்சி பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு 1,100 புத்தகம் கொண்டு போய் இறக்கினோம், ரிப்பன் கட்டி, கேசரி குடுத்து, போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டு ஒரே அமர்க்களம். நாலு மாசம் கழிச்சு அந்தப் பக்கமா போனப்ப எட்டிப் பாத்தா புத்தகம் முழுக்க ரெண்டு இரும்பு பீரோக்குள்ள. பூட்டு. சாவி கண்காணிப்பாளர்கிட்ட, அவங்க அன்னைக்கு லீவு. வார்டன் அக்காகிட்ட கேட்டேன், "பசங்க கிழிச்சிருவாங்க சார், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல கணக்கு காட்டணும்ல"ன்னாங்க. அவங்கள குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. 1,100 புத்தகம் பெற்றுக்கொண்டோம்னு கையெழுத்து வாங்கினது நாங்க, ஒண்ணு தொலைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு ஒரு வரி எழுதாம வந்ததும் நாங்கதான்.

அதுக்கப்புறம் மூணு இல்லத்துல மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். அதுல தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் கீழ இருக்கு. நான் சொல்றது தமிழ்நாட்டுக் கணக்கு, வேற மாநிலத்துல ஆபீஸ் பேரெல்லாம் மாறும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், லெட்டர்லயும் சரி பேச்சுலயும் சரி "அனாதை இல்லம்"னு சொல்லாதீங்க. சட்டத்துல அதுக்குப் பேரு குழந்தைகள் இல்லம். அங்க இருக்கற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ யாராவது இருக்காங்க, லீவு நாள்ல பாக்க வருவாங்க. அவங்க காதுல இந்த வார்த்தை விழறது நல்லா இருக்காது.

1. இல்லத்துக்குப் பதிவு இருக்கானு பாருங்க

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41ன்படி குழந்தைகளைத் தங்க வெச்சுப் பாத்துக்கற எந்த இல்லமும் பதிவு பண்ணியிருக்கணும், அரசாங்கம் நடத்தினாலும் சரி, சர்ச்சோ மடமோ ட்ரஸ்டோ நடத்தினாலும் சரி. பதிவு 5 வருஷத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும். அதனால "ரெஜிஸ்டர் ஆயிருக்கா"ன்னு வாயால கேட்டுட்டு வந்துடாதீங்க, சர்டிபிகேட்ட பாத்து காலாவதி தேதிய குறிச்சுக்கோங்க. ட்ரஸ்ட் பதிவு வேற, இந்தப் பதிவு வேற. சில பேரு ட்ரஸ்ட் பத்திரத்த எடுத்துக் காட்டுவாங்க, நான் முதல் தடவ அதைப் பாத்துட்டே தலையாட்டிட்டு வந்தவன்.

பதிவு இல்லாம நடத்தினா பிரிவு 42ன்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா குறைஞ்சது 1 லட்சம் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அந்த மாதிரி இடம்னு தெரிஞ்சா புத்தகம் கொடுக்காதீங்க, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்க, இல்லன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க.

2. அனுமதி, இதுக்கு ஒரு மாசம் ஒதுக்கிடுங்க

இல்லத்துக்காரங்க "வாங்க வாங்க"ன்னு சொல்லிட்டா முடிஞ்சதுன்னு நெனச்சோம். ஒரு நாள் கொண்டு போய் வெச்சுட்டு வர்றதுக்கு அது போதும். ஆனா வாரா வாரம் உள்ள போய் பிள்ளைங்களோட உக்காரப் போறீங்கன்னா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு லெட்டர் குடுத்துடறது உங்களுக்கும் நல்லது, இல்லத்துக்கும் நல்லது. ஆபீஸ் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயோ பக்கத்துலயோ இருக்கும். அரசு நேரடியா நடத்தற இல்லம்னா பேப்பர் இன்னும் மேல போகும், அதுக்கு ரெண்டு மாசம் கூட ஆகலாம்.

லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். யாரு நீங்க, எந்த இல்லம், எத்தனை புத்தகம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க, யார் யார் வருவாங்க, இவ்வளவுதான். கூடவே "யாரிடமும் பணம் வசூலிக்க மாட்டோம், குழந்தைகளைப் படம் எடுக்க மாட்டோம்"னு ரெண்டு வரி சேருங்க. அந்த ரெண்டு வரியப் படிச்சப்புறம்தான் எதிர்ல இருந்த அதிகாரி எங்கள உக்காரவே சொன்னாங்க.

இணைக்க வேண்டியது:
வர்றவங்க ஒவ்வொருத்தரோட ஆதார் காப்பி, ஒரு போட்டோ, போன் நம்பர்.
போலீஸ் வெரிபிகேஷன். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துலயே அப்ளை பண்ணலாம், நாங்க பண்ணப்ப ஆளுக்கு 500 ரூபாய் ஆச்சு, ரெண்டு வாரத்துல வந்துச்சு, எங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் ஆதார்ல பழைய அட்ரஸ் இருந்ததால ஒரு மாசம் இழுத்துடுச்சு.
இல்லத்தோட சம்மதக் கடிதம், லெட்டர் பேடுல, சீலோட.

லெட்டர் ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல தேதியோட ஆபீஸ் சீல் வாங்கிக்கோங்க. சீல் இல்லாம குடுத்துட்டு வந்த எங்க முதல் லெட்டர் என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பொண்ணுங்க இல்லம்னா ஆம்பளைங்க மட்டுமா போகாதீங்க. அங்க வேலை பாக்கறவங்களே பெண்களாத்தான் இருக்கணும்னு விதி இருக்கு, நாம மட்டும் நாலு தடிப்பசங்க போய் நின்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க, நிறுத்தறதும் நியாயம்தான்.

3. பணம், ட்ரஸ்ட், ரசீது

ஆர்வக்கோளாறுல முதல் வேலையா ட்ரஸ்ட் பதிவு பண்ணப் போகாதீங்க. பத்திரம், ஆடிட்டர், பான் கார்டு, வருஷா வருஷம் கணக்கு தாக்கல், அதுக்கே ஒரு ஆள் வேணும். ஒண்ணு ரெண்டு இல்லத்துக்குச் செய்யறதுன்னா நண்பர்கள் சேர்ந்து போட்டு, கடையில இல்லத்தோட பேருக்கே பில்லு போட்டு வாங்கிக் குடுத்தா போதும். மாசம் ஒருத்தர் 500 போட்டாலே ஆறு பேருக்கு வருஷத்துக்கு 36,000 சேர்ந்துடும்.

வரிவிலக்கு கேக்கற ஆளுங்க வருவாங்க. அவங்களுக்கு நேரடியா சொல்லிடுங்க, புத்தகமா பொருளா குடுத்தா 80ஜி (நன்கொடைக்குக் கிடைக்கற வருமான வரிக் கழிவு) கிடைக்காது, பணமா குடுத்தாதான், அதுலயும் ரொக்கம்னா 2,000 ரூபாய்க்கு மேல போனா கிடையாது, புது வரி முறைல இருக்கறவங்களுக்கு எதுவுமே கிடையாது. 80ஜி வேணும்னா அந்தப் பதிவு இருக்கற இல்லத்தோட அக்கவுண்ட்டுக்கே அவங்க நேரா அனுப்பட்டும். உங்க ஜிபேல வாங்காதீங்க, பின்னாடி தலைவலி உங்களுக்குத்தான்.

வெளிநாட்டுச் சொந்தக்காரங்க விஷயத்துல கவனமா இருங்க. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவர் துபாய்ல இருந்து சொந்தச் சம்பாத்தியத்துல அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அமெரிக்க குடியுரிமை வாங்கிட்டார்னா, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தர்றது) இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்கற அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட் வழியாத்தான். "மாமா 500 டாலர் அனுப்பறேன்னார்"னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி மாமா பாஸ்போர்ட் என்னன்னு கேட்டுக்கோங்க.

4. பழைய புத்தகம் வாங்காதீங்க, வாங்கினா வடிகட்டுங்க

அபார்ட்மெண்ட்ல பெட்டி வெச்சு கலெக்ட் பண்ணோம். 700 வந்துச்சு, குடுக்கற மாதிரி தேறினது 160. மீதியெல்லாம் பழைய சிலபஸ் கைடு, நீட் கோச்சிங் மெட்டீரியல், பாதி கலர் அடிச்ச டிராயிங் புக்கு, கம்ப்யூட்டர் பாடம் சிடியோட. ஒருத்தர் டெலிபோன் டைரக்டரியே போட்டிருந்தார். அத்தனையும் மூணாவது மாடியில இருந்து இறக்கி, பிரிச்சு, மறுபடி பேப்பர் கடைக்குத் தூக்கிட்டுப் போனது நாங்க நாலு பேரு. "உங்க வீட்டுப் பிள்ளைக்கு பிறந்தநாளுக்கு இதக் குடுப்பீங்களா"ன்னு பெட்டி மேல எழுதி ஒட்டினப்புறம் வரத்து குறைஞ்சுது, தரம் கூடுச்சு.

5. புத்தகம் தேர்வு, பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டு

லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை 30 புத்தகம் எடுத்துட்டுப் போய் பாயில பரப்பி வெச்சுட்டு சும்மா உக்காருங்க. எதை எடுக்கறாங்க, எதை ரெண்டு பக்கம் புரட்டிட்டு வெச்சிடறாங்க, எதுக்கு சண்டை போடறாங்கன்னு மட்டும் பாருங்க. நாங்க போனப்ப ஒம்பதாம் கிளாஸ் பையன் ஒருத்தன் தடிமனான இங்கிலீஷ் புத்தகத்த அரை மணி நேரம் கையிலயே வெச்சிருந்தான், ஒரு பக்கம் கூட திருப்பல. கண்ணு மட்டும் பக்கத்துல இருந்த பொடியன் கையில இருந்த யானைப் படப் புத்தகத்துலயே இருந்துச்சு.

இது ஒவ்வொரு இல்லத்துலயும் நடக்கும். நடுவுல பள்ளிக்கூடம் விட்டுப்போன பிள்ளைங்க நிறைய, கிளாஸ் ஒம்பது, வாசிப்பு ரெண்டாம் கிளாஸ். அவங்ககிட்ட சின்னப் பசங்க புத்தகத்த நீட்டினா கூச்சப்பட்டு ஓடிடுவாங்க. நாங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா "தம்பிங்களுக்கு நீ படிச்சுக் காட்டணும்"னு ஒரு பொறுப்பா குடுத்துடறது. இப்ப அவன் படப் புத்தகம் எடுத்தா யாரும் சிரிக்க மாட்டாங்க, தம்பிக்காக எடுத்திருக்கான். அதனாலதான் சொல்றேன், புத்தகத்து மேல வயசு, கிளாஸ் எதுவும் எழுதாதீங்க. நாலு கலர் ஸ்டிக்கர் ஒட்டுங்க, எது சுலபம் எது கஷ்டம்னு அவங்களே ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க. அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா இருக்கும், அந்தக் கணக்குதான் எங்களுக்கும்.

எங்க வாங்கறது? தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல இருக்கற படப் புத்தகத்துக்கு துளிகா. விலை குறைச்சலா நிறைய வேணும்னா பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ரன். கொஞ்சம் பெரிய பசங்களுக்கு வானம் பதிப்பகம். மாச இதழ்ல தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட துளிர் ஒரு சந்தா கட்டிடுங்க, மாசா மாசம் புதுசா ஒண்ணு தபால்ல வருதுங்கறதே பிள்ளைங்களுக்கு தனி குஷி.

பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதை நிறைய இலவசம், பேரு போட்டு பிரிண்ட் எடுத்துக்கவும் அனுமதி உண்டு. ஆனா 16 பக்கம் கடையில கலர் பிரிண்ட் போட்டுப் பாருங்க, அச்சடிச்ச புத்தகத்தோட விலையத் தாண்டிடும். இல்லத்துல டிவி இருந்தா அதுல காட்டி எல்லாரும் சேர்ந்து படிக்கறதுக்குத்தான் அது சரி.

நல்லொழுக்கக் கதைன்னு கட்டுக்கட்டா வாங்காதீங்க. "பெற்றோர் சொல் கேட்ட பிள்ளை"ங்கற மாதிரி கதைய அங்க உக்காந்து சத்தமா படிச்சுப் பாருங்க, பாதியிலயே உங்களுக்குத் தொண்டை அடைக்கும். நான் படிச்சேன், ரெண்டாவது பக்கத்துல மூடி வெச்சுட்டேன்.

6. எத்தனை, எவ்வளவு செலவு

60 பிள்ளைங்க இருக்கற இல்லத்துக்கு 300 புத்தகம் போதும், முதல் வருஷத்துக்கு. எங்க மூணாவது இல்லத்துக்கு ஆன கணக்கு இது.

300 புத்தகம், சராசரி 80 ரூபாய், 10 சதவீதம் கழிவு போக 21,600
இரும்பு ரேக் 2, 6,000
கோரைப்பாயும் ரெண்டு லைட்டும் 2,400
அட்டை, ஸ்டிக்கர், ரப்பர் ஸ்டாம்ப், பதிவேடு 1,900
குட்டியானை வாடகை 1,100
மொத்தம் 33,000

இதுக்கு மேல அடுத்த வருஷத்துக்குன்னு 8,000 தனியா எடுத்து வெச்சுட்டோம், ஏன்னு எட்டாவது படில சொல்றேன். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லுல போட்டிருந்தா கேளுங்க. ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சியோ உங்க மாவட்டப் புத்தகத் திருவிழாவோ வரைக்கும் பொறுத்தீங்கன்னா 10 சதவீதம் எல்லா ஸ்டால்லயும் உண்டு, மொத்தமா வாங்கறோம், இல்லத்துக்குன்னு லெட்டர் காட்டினா சில பதிப்பகத்துல இன்னும் குறைப்பாங்க.

வெளியூர்ல இருந்து அனுப்பறவங்களுக்கு ஒரு தகவல். புத்தகத்துக்குன்னு இருந்த பழைய ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட் 2024 டிசம்பர்லயே நின்னு போச்சு. அதுக்குப் பதிலா 2025 மே 1ல இருந்து தபால்துறையில ஞான் போஸ்ட் வந்திருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோ வரைக்கும் 100 ரூபாய், வரி தனி. கவுண்டர்ல "பார்சல்"னு பொதுவா சொன்னா வேற ரேட் போட்டுடுவாங்க, பேரச் சொல்லிக் கேளுங்க. உள்ள புத்தகம் மட்டும்தான் இருக்கணும், லெட்டர், பென்சில் டப்பா எதுவும் வைக்கக் கூடாது.

வண்டியில ஏத்தறீங்கன்னா பெரிய அட்டைப்பெட்டி வேணாம். ஏ4 பேப்பர் வர்ற சின்னப் பெட்டி கடையில சும்மாவே தருவாங்க, அதுல அடுக்கினா ஒரு ஆள் தூக்கலாம். டிவி பெட்டியில அடுக்கி அடி பிஞ்சு போன கதை எங்களுக்கு உண்டு.

7. இடமும் ரேக்கும்

தனி ரூம்தான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. குழந்தைகள் இல்லத்துல நூலகத்துக்கு இடம் இருக்கணும்னு விதியிலயே இருக்கு, ஆனா நெஜத்துல அந்த ரூம்ல அரிசி மூட்டை இருக்கும். சாப்பாட்டு ஹால் மூலையோ வராண்டாவோ கிடைச்சா கூட சரி, பிள்ளைங்க நடக்கற வழியில இருக்கணும், அவ்வளவுதான்.

ரேக் உயரம் நாலடிக்கு மேல போகக்கூடாது, சுவத்துல போல்ட் போட்டு இறுக்கிடுங்க, ஏறுவாங்க. மரம் வேணாம், கரையான். இரும்பு ரேக்கா இருந்தாலும் சுவத்துல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க, ஐப்பசி மழையில சுவரு ஓதம் ஏறினா பின்வரிசை மொத்தமும் போயிடும். படப் புத்தகத்த முதுகு தெரியற மாதிரி அடுக்காதீங்க, அட்டை தெரியற மாதிரி வைங்க, இல்லன்னா பழைய துணியில பை பை மாதிரி தச்சு சுவத்துல தொங்க விடுங்க. முன்னூறையும் ஒரே நாள்ல வைக்கவும் வேணாம். 120 முதல்ல, மீதிய உங்க வீட்டுல வெச்சுக்கிட்டு மாசம் 30ஆ கொண்டு போங்க.

8. பதிவேடு, முக்கியமா அந்த ஒரு லெட்டர்

ரெண்டு நோட்டு போதும். ஒண்ணு இருப்புப் பதிவேடு, நம்பர், பேரு, விலை. இன்னொண்ணு யார் எடுத்தாங்கன்னு பிள்ளைங்களே எழுதற நோட்டு, அதுல தேதியும் புத்தக நம்பரும் பேரும் மட்டும், வேற எதுவும் எழுத வேணாம். கம்ப்யூட்டர் சாப்ட்வேர், பார்கோடுன்னு எங்கள்ல ஒருத்தர் ஆரம்பிச்சார், ஒரு வாரத்துல விட்டுட்டார்.

இப்ப அந்த லெட்டர். புத்தகம் ஒப்படைக்கறப்ப இல்லத்துக்கு இப்படி எழுதிக் குடுங்க: "300 புத்தகங்களில் ஆண்டுக்கு 45 வரை கிழிந்தாலோ தொலைந்தாலோ இல்லப் பணியாளரோ குழந்தைகளோ பொறுப்பல்ல, அவற்றை நாங்கள் மாற்றித் தருவோம்." இந்த ஒரு வரிதான் பீரோவத் திறந்துச்சு. கண்காணிப்பாளருக்கு பயம் பிள்ளைங்க மேல இல்ல, ஃபைல் மேல. ஃபைல்ல பதில் இருந்தா அவங்க ஏன் பூட்டப் போறாங்க? அந்த 8,000 ரூபாய் தனியா வெச்சது இதுக்குத்தான். வருஷக் கடைசியில எண்ணிப் பாத்தா எங்களுக்குப் போனது 31.

சாவி போடற மாதிரி அலமாரி எதுவும் கொண்டு போகாதீங்க. கட்டாயம் பூட்டணும்னு சொன்னாங்கன்னா சாவி ரெண்டு பிள்ளைங்ககிட்ட, மாசா மாசம் மாறி மாறி, அதையும் லெட்டர்ல எழுதிடுங்க.

9. நேரம்

பள்ளிக்கூடம் விட்டு வந்து, குளிச்சு, டீ குடிச்சு, படிப்பு நேரம் ஆரம்பிக்கறதுக்கு நடுவுல முக்கா மணி நேரம் இருக்கும், அதான் உங்க நேரம். சனிக்கிழமை மதியம் இன்னும் நல்லது. ஞாயித்துக்கிழமை காலைல போனீங்கன்னா பிறந்தநாள் கேக்கோட வர்றவங்க கூட்டத்துல நீங்களும் ஒரு ஆளாயிடுவீங்க. மார்ச், ஏப்ரல் பரிட்சை நேரத்துல தொடங்காதீங்க, மே மாசம் பாதிப் பேர் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. ஜூன் கடைசியோ ஜூலையோ ஆரம்பிச்சா சரியா இருக்கும், அதுக்கு அனுமதி வேலைய மார்ச்லயே தொடங்கிடணும்.

வர முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லிடுங்க. "அடுத்த வாரம் வரேன்"னு சொல்லிட்டு வராம போனவங்கள அந்தப் பிள்ளைங்க நிறைய பாத்தாச்சு. ஆறு மாசம் வர முடியுங்கற ஆள மட்டும் சேருங்க.

பக்கத்துல இருக்கற கிளை நூலகத்துக்கும் ஒரு தடவ கூட்டிட்டுப் போய் நூலகர்கிட்ட அறிமுகப்படுத்தி விடுங்க, இல்லத்தோட அனுமதியோட. நாளைக்கு நீங்க ஊர் மாறிப் போனாலும் அந்தக் கதவு திறந்திருக்கும்.

10. போட்டோ

எடுக்காதீங்க. சட்டம் பிரிவு 74, இல்லத்துல இருக்கற குழந்தைய அடையாளம் காட்டற பேரோ படமோ பள்ளிக்கூடப் பேரோ வெளியிட்டா 6 மாசம் வரைக்கும் ஜெயில், 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும். முகத்துல ஸ்மைலி ஒட்டிட்டேன்னு சொல்றது வேலைக்கு ஆகாது, பின்னாடி யூனிபார்மும் இல்லத்துப் பேர்ப்பலகையும் தெரியும். பணம் குடுத்தவங்க கேட்டா ரேக்கையும் பதிவேட்டோட வெளி அட்டையையும் எடுத்து அனுப்புங்க. எங்க முதல் ஸ்டேட்டஸ நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

11. வீட்டுக்குப் போற பிள்ளை

இத யாரும் எங்களுக்குச் சொல்லல. பிள்ளை எங்க இருக்கணும்னு முடிவு பண்ற குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டா பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, சில சமயம் ரெண்டு நாள் முன்னாடிதான் தெரியும். ஒரு பையில ரெண்டு டிரஸ், பள்ளிக்கூடச் சர்டிபிகேட், அவ்வளவுதான் போகும். அந்த நேரத்துல "லைப்ரரி புக்க திருப்பிக் குடு"ன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு முதல்லயே பேசி வெச்சுக்கோங்க. போறப்ப பிடிச்ச புத்தகம் ஒண்ணு எடுத்துக்கலாம்னு விதி போட்டுட்டோம். இருப்புப் பதிவேட்டுல அதுக்குன்னு ஒரு கட்டம், அதுல "தொலைஞ்சது"ன்னு எழுதாம "வீட்டுக்குப் போச்சு"ன்னு எழுதுங்க, மேல சொன்ன 45 கணக்குல இதச் சேக்காதீங்க. எங்க நோட்டுல இதுவரைக்கும் 11 புத்தகம் அப்படிப் போயிருக்கு. பத்துக்கு மறுபடி காப்பி வாங்கி வெச்சாச்சு, ஒண்ணு மட்டும் இப்ப அச்சுல இல்லன்னுட்டாங்க, அத இன்னும் பழைய புத்தகக் கடையில தேடிக்கிட்டு இருக்கேன்.